மதுப்பழக்கமும் தற்கொலைத் தடுப்பும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

மது மனச்சோர்வைப் போக்குவதில்லை. சிறிது நேரம் மறைத்துப் பின்னர் ஆழப்படுத்துகிறது. போதையில் தன்னடக்கம் தளர்வதால், தானே கடந்து போயிருக்கக்கூடிய ஓர் எண்ணம் செயலாகிவிடக்கூடும். எனவே, குடித்திருப்பவர் "செத்துவிடுவேன்" என்றால், உளறுகிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தனியே விடாமல் உடனிருங்கள். அறிவுரையை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். தெளிந்தபின், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளதா என நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது. பலருக்கு அது ஆறுதலாகவே அமைகிறது.

வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மீந்த மாத்திரைகளையும் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது வைப்பறையில் பூட்டி வைக்கும் முறை முயன்று பார்க்கப்பட்டது. தங்கள் ஊராட்சியிலும் இதைப் பேசலாம்.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கைநடுக்கம், வியர்வை எனத் தொடங்கி, முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு நிறுத்துவோருக்கும் இது பொருந்தும்; கயிற்றோடு மருத்துவரிடமும் வரட்டும். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள்.

முன்பு முயன்றவர் எனில், வழக்குக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது.

இப்போதே பேச: 104 அல்லது 14416 (24 மணி நேரமும்). உயிருக்கு ஆபத்து எனில்: 108.