கரும்புள்ளிக் கணக்கு

சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. இதை 1843இல் கண்டு சொன்னவர் ஷ்வாபே என்ற ஜெர்மானியர். மருந்துக்கடைத் தொழிலில் இருந்தவர். அந்தப் புள்ளிகளுக்கும் உயிர்களுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டே பாதி ஆயுளைக் கழித்த ஒரு ரஷ்யரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

பெயர் அலெக்சாந்தர் சிழெவ்ஸ்கி. பிறந்தது 1897. இளமையில் கலூகா என்ற ஊரில் இருந்தபோது, ராக்கெட் கனவு கண்ட சியோல்கோவ்ஸ்கியின் நண்பரானார். 1924இல் ஒரு சிறுநூல் எழுதினார். போர், புரட்சி, பெருங்கூட்டங்களின் எழுச்சி எல்லாம் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் அதிகம் என்பது அவர் கட்சி. 1789, 1848, 1917 என்று ஆண்டுகளை அடுக்கினால் யாருக்கும் சபலம் தட்டும். நம் 1947கூட உச்ச ஆண்டுதான்! ஆனால் எங்கள் புதுச்சேரி கைமாறிய 1954இல் புள்ளிகள் மிகக் குறைவு. பல வருடம் பதிவேடு எழுதியவன் நான். இரண்டு பத்திகளில் எண்கள் ஒத்துப்போவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

பின்னர் அவர் கொள்ளைநோய்களின் பக்கம் திரும்பினார். 1938இல் அந்த ஆராய்ச்சி பாரிசில் பிரெஞ்சு நூலாக வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த லாபம், அதன் நீண்ட தலைப்பையாவது எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கசான் நகரத்து மருத்துவர் வெல்கோவர் என்பவரோடு சேர்ந்து, சில பாக்டீரியாக்கள் சாயம் ஏற்கும் விதம் சூரியக் கொந்தளிப்பை ஒட்டி மாறுவதாகவும் சொன்னார்.

உயிரின் மரபுக்கூறையே கதிர் மாற்றும் என்பதை அதற்கு முன்பே, 1927இல், அமெரிக்கரான முல்லர் காட்டியிருந்தார். பழ ஈக்கள் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்; குஞ்சுகளில் மாறுதல்கள் குவிந்தன. அவர் 1933இல் சோவியத் நாட்டுக்கே போய், வவிலோவின் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1937இல் கிளம்பிவிட்டார். பிழைத்தார் என்றே சொல்ல வேண்டும். வவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948இல் மரபியலே அங்கு விலக்கப்பட்டது.

சிழெவ்ஸ்கி 1942இல் கைதானார். எட்டு வருடம் முகாம். அங்கும் சும்மா இருக்கவில்லை; கரகண்டா முகாமில் ரத்தத்தை ஆராய்ந்தார். ஓடும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எப்படி அணிவகுக்கின்றன என்ற அந்த ஆராய்ச்சி 1959இல் நூலாயிற்று.

சரி, அவர் சொன்னது உண்மையா? வெயிலின் புறஊதாக் கதிர் மரபுச்சரட்டில் அடுத்தடுத்த எழுத்துகளை ஒட்டவைத்துப் பிழையாக்கும். செல் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். திருத்தும் சக்தி பிறவியிலேயே இல்லாதவர்களுக்குச் சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வரும். இது உறுதியான செய்தி. ஆனால் புள்ளிகள் ஏறி இறங்குவதால் சூரிய ஒளி மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாறுகிறது. தீவிரமான கதிர்களை ஓசோன் தடுத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், புள்ளிகள் மிகும்போது சூரியனின் காந்தப்புலம் விண்வெளிக் கதிர்களை விலக்கி, அந்த வகையில் நம்மைக் காக்கிறது. தரையில் உள்ள நமக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. விண்கலத்தில் போகிறவர்கள்தான் சூரியப் புயலுக்கு அஞ்ச வேண்டும்.

சிழெவ்ஸ்கி குற்றமற்றவர் என்று 1962இல் அறிவித்தார்கள். 1964 டிசம்பரில் இறந்தார். கரும்புள்ளிகள் மிகக் குறைந்திருந்த ஆண்டு அது. அதையும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.