ஊரிங்: ஒரு மெலிந்த சூறாவளியின் சரித்திரம்

சூறாவளிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பலசாலிகளைப் பற்றியே எழுதுகிறார்கள். அரசர்களின் சரித்திரம் எழுதியவர்களிடமிருந்து இந்தப் பழக்கம் தொற்றியிருக்க வேண்டும். காற்று எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் வீசியது, அமுக்கம் எவ்வளவு இறங்கியது என்று கணக்குப் பார்த்து, முதலிடம் பெற்றதற்கு மகுடம் சூட்டுவார்கள். நேயர்களுக்கு இன்று நான் சொல்லப்போவது அந்த வரிசையில் இடமே பெறாத ஒரு சூறாவளியைப் பற்றி. 1991 நவம்பரில் மேற்குப் பசிபிக் கடலில் பிறந்து ஒரு வாரத்தில் மறைந்த அதற்குப் பெயர்கள் இரண்டு. சர்வதேசப் பட்டியலில் தெல்மா. பிலிப்பைன்ஸ் மக்களுக்கு ஊரிங். அந்நாட்டு வானிலை நிலையம் அக்காலத்தில் 'ங்' என முடியும் செல்லப் பெண் பெயர்களையே சூறாவளிகளுக்கு வைத்து வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போன்ற பெயர்கள்.

பிறப்பில் அதிசயம் எதுவுமில்லை. கடலின் மேற்பரப்பு சுமார் 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிக் கிடக்கும்போது நீராவி மேலெழுகிறது; மேலே குளிர்ந்து மேகமாகையில், ஆவியாவதற்குக் கடலிடம் கடன் வாங்கிய வெப்பத்தை விட்டுவிடுகிறது. அவ்வெப்பம் காற்றை மேலும் உயர்த்த, கீழே அமுக்கம் குறைகிறது. அவ்விடத்தை நிரப்ப விரையும் காற்றைப் பூமியின் சுழற்சி நேரே போகவிடாமல் வளைத்துவிடுகிறது. இந்தச் சக்கரம் தடையின்றிச் சுழன்றால் நடுவில் கண் திறக்கும். ஊரிங் அந்த நிலையை எட்டவேயில்லை. நவம்பர் முதலாம் திகதியளவில் தாழமுக்கமாக உருவாகி, மேற்கு நோக்கி நகர்ந்து, 4ஆம் திகதி உச்சத்தை அடைந்தபோதும் அதன் காற்று மணிக்கு 75 கிலோமீற்றர் அளவில்தான் இருந்தது. தைபூன் என்ற பட்டம் பெறுவதற்கு 118 கிலோமீற்றராவது வேண்டும். நிலத்தைத் தொடுமுன் அது மேலும் சற்று மெலிந்துவிட்டது.

பிலிப்பைன்சின் அபாய அறிவிப்பு இலக்கங்கள் அந்நாளில் காற்றின் வேகத்தை வைத்தே ஏற்றி இறக்கப்பட்டன. எனவே இது பயப்படத்தக்க சூறாவளியாக யாருக்கும் தோன்றவில்லை. ஆண்டுக்கு இருபது சூறாவளிகளைக் காணும் நாட்டில் எழுபத்தைந்து கிலோமீற்றர் காற்றுக்கு யார் வீட்டை விட்டு ஓடுவார்கள்?

நவம்பர் 5ஆம் திகதி அது லெய்தே தீவின் மீது வந்தது. அத்தீவின் நடுவே மலைத்தொடர் ஓடுகிறது. மேற்குக் கரையில் ஓர்மொக் நகரம். ஈரம் சுமந்த காற்று மலையில் மோதி மேலேறியது. மேலேறிய காற்று தன் சுமையை இறக்கிவைக்க வேண்டுமல்லவா? ஓரிடத்தில் ஒரு நாளில் 580 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அனிலாவ், மல்பசாக் என்ற இரு சிறிய ஆறுகள் அந்நகரின் ஊடாகக் கடலில் விழுகின்றன. மலைச் சரிவுகள் சேறாக இடிந்து வந்தன. மரங்களும் கட்டைகளும் வந்தன. அவை நீரின் வழியை மறித்தன. அடைப்பு உடைந்தபோது வெள்ளம் ஒரே பாய்ச்சலாக நகருக்குள் இறங்கியது. பட்டப்பகலில், மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தோர் 5,000க்கும் மேல். காணாமற்போனோர் பட்டியல் வேறாக இருந்தது. அதில் உள்ளோரையும் கூட்டினால் எண்ணிக்கை எண்ணாயிரத்தை எட்டும். பலரது உடல்களைக் கடல் கொண்டுபோயிற்று.

அனிலாவ் ஆற்றின் வளைவில் இஸ்லா வெர்டே என்றொரு குடியிருப்பு இருந்தது. ஸ்பானிய மொழியில் 'பச்சைத் தீவு' என்று பொருள். பெயர் காவியத்துக்குரியது, இடமோ ஆற்றுக்குச் சொந்தமான தாழ்ந்த நிலம். அங்கே குடியிருந்தோர் சுமார் 2,500 பேர். மிஞ்சியோர் ஏறத்தாழ இருநூறு பேர் என்று பதிவாகியிருக்கிறது.

குற்றவாளி யார் என்ற கேள்வி உடனே எழுந்தது. சட்டவிரோதமாக மரம் வெட்டியவர்கள் என்ற விடை பத்திரிகைகளில் தலைப்பாயிற்று. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த விடை வசதியானதும்கூட என்பது என் எண்ணம். ஓர்மொக்கின் மேட்டு நிலங்களில் காடு அழிந்தது ஓரிரவில் கோடரியோடு வந்த திருடர்களால் மட்டுமல்ல. கரும்பும் தென்னையும் பல தலைமுறைகளாகச் சட்டப்படியே, உறுதியும் முத்திரையுமாக, அச்சரிவுகளில் ஏறின. ஆழமாக வேரோடும் காட்டு மரம் மண்ணைப் பிடிப்பது போல் கரும்பு பிடிப்பதில்லை. அத்தோட்டங்களின் பெரும்பகுதி சில குடும்பங்களின் கையில் இருந்தது. நிலமில்லாதவன் எங்கே போவான்? யாரும் உரிமை கோராத ஆற்றங்கரைக்குத்தான். அவ்வளவு மழையை முழுக்காடும் தாங்கியிராது என்று வாதிடுவோரும் உளர். அதை மறுக்க நான் முனையவில்லை. மழை பெய்தது மேகத்தால் என்பது சரி. ஆற்றுப் படுக்கையில் 2,500 பேர் இருந்தது மேகத்தாலா?

அதே ஆண்டு செப்டெம்பரில் மிரெய்ல் என்ற உக்கிரமான தைபூன் ஜப்பானைத் தாக்கியிருந்தது. அங்கே இறந்தோர் அறுபது பேர் வரையில். அஓமொரி மாகாணத்தில் அறுவடைக்கு நின்ற அப்பிள்களில் பெரும்பகுதி உதிர்ந்தது. உதிராமல் கிளையில் தங்கியவற்றை 'விழாத அப்பிள்' என்று பெயரிட்டுப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு நல்ல விலைக்கு விற்றார்கள். பலசாலிச் சூறாவளியின் நினைவாக அப்பிள் கதை ஒன்று எஞ்சியது. மெலிந்ததன் நினைவாக எஞ்சியது புதைகுழி. பிற்பாடு மிரெய்ல், தெல்மா ஆகிய இரு பெயர்களும் பட்டியலிலிருந்து ஒன்றாகவே நீக்கப்பட்டன.

ஊரிங்கின் மீதிக் கதை சுருக்கமானது. தென்சீனக் கடலுக்குள் இறங்கியதும் கொஞ்சம் உயிர்பெற்றது. மேலடுக்குக் காற்றுகள் அதைச் சிதைத்தன. நவம்பர் 8ஆம் திகதி தென் வியட்நாமில் கலைந்தது. அன்று ஓர்மொக்கில் பிணங்களைப் பொதுக்குழிகளில் அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

பின்னர் ஜப்பானிய உதவியோடு ஆறுகளை அகலப்படுத்தி, பாலங்களை உயர்த்தி, மேற்பகுதியில் மரக்கட்டைகளைத் தடுத்து நீரை மட்டும் விடும் இடைவெளி அணைகள் கட்டினார்கள். 2001இல் வேலை நிறைவுற்றது. 2013 நவம்பர் 8ஆம் திகதி ஹையான் என்ற மாபெரும் தைபூன் இதே லெய்தேயைத் தாக்கிற்று. கிழக்குக் கரையில் தக்ளோபான் நகரைக் கடல் விழுங்கியது. ஓர்மொக்கில் கூரைகள் பறந்தன, சுவர்கள் சரிந்தன. ஆனால் 1991ஐப் போல் ஆறுகள் ஊருக்குள் வரவில்லை. நவம்பர் 5ஆம் திகதி வரும்போதெல்லாம் ஓர்மொக் மக்கள் இன்றும் பொதுமயானத்துக்குப் போகிறார்கள்.