அறியாமல் அத்துமீறல்: சட்ட வரலாறு

பிறர் வசமுள்ள நிலத்திலோ கட்டடத்திலோ அனுமதியின்றி நுழைவது அத்துமீறல் எனப்படும். 'அத்து' என்ற சொல்லுக்கு எல்லை என்பது பொருள். வரப்பு தெரியாமல் அடுத்தவர் வயலில் கால் வைத்தவரும் அத்துமீறியவர்தாமா என்ற கேள்விக்கு உரிமையியல் சட்டமும் குற்றவியல் சட்டமும் வெவ்வேறு விடை தந்துள்ளன.

உரிமையியல் விடை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1681ஆம் ஆண்டின் பேஸ்லி எதிர் கிளார்க்சன் வழக்கில், தன் நிலத்துப் புல்லை அறுத்துக்கொண்டிருந்தவர் எல்லை தெரியாமல் பக்கத்து நிலத்துப் புல்லையும் அறுத்து எடுத்துச் சென்றுவிட்டார். இரண்டு ஷில்லிங் ஈடாகத் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. எல்லையைத் தவறாகக் கருதியிருந்தாலும் அரிவாளை வீசியது அவர் விரும்பிச் செய்த செயல். மனத்தில் என்ன இருந்தது என்பதைப் பிறர் அறிய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். புல் அறுத்தவர் பாவம்தான்! ஆனால் நிலத்துக்காரருக்கும் புல் போய்விட்டதல்லவா?

இந்தியாவின் குற்றவியல் சட்டம் வேறு வழியில் சென்றது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைவை அளித்தது. இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 441ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யவோ, நிலத்தை வசம் வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற உள்நோக்கத்தோடு நுழைந்தால்தான் குற்றம். முறையாக உள்ளே வந்தவர் அதே நோக்கத்தோடு வெளியேற மறுத்தாலும் குற்றமே. தண்டனை மூன்று மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

"நுழைந்தால் எரிச்சல் வரும் என்று தெரியாதா?" என்று வாதிடுவோர் உண்டு. 1960களில் மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. தொல்லை விளையும் என்று அறிந்திருந்தால் மட்டும் போதாது, தொல்லை தருவதே நுழைந்ததன் நோக்கமாக இருக்க வேண்டும் என்றது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு இவ்விடத்தைப் பெற்றுள்ளது. அபராத வரம்பு 5,000 ரூபாயாக உயர்ந்தது. உள்நோக்கம் வேண்டும் என்ற நிபந்தனை மாறவில்லை. 'அத்துமீறுவோர் தண்டிக்கப்படுவர்' என்று வேலியில் தொங்கும் பலகைகள் இந்த நிபந்தனையைச் சொல்வதில்லை. எனினும் வழிதவறி வந்தவர் பயிரை மிதித்துவிட்டால், சிறை இல்லையென்றாலும் நட்ட ஈடு கேட்டு நிலத்துக்காரர் உரிமையியல் வழக்குத் தொடரலாம்.