வையம்பட்டிப் பக்கத்துச் சலகெருதுகள்

மணப்பாறைக்குத் தெற்கே திண்டுக்கல் சாலையிலுள்ள வையம்பட்டிப் பிரதேசத்திலும், அதற்கு மேற்கே கடவூர் மலையடிவாரங்களிலும், விஜயநகர காலத்தில் வடக்கேயிருந்து மந்தைகளோடு வந்து குடியேறியதாகத் தங்கள் பூர்வ கதையைக் கூறிக்கொள்ளும் கம்பளத்து நாயக்கர்கள், எருதைத் தெய்வமாகவே பாவித்துப் பூஜித்து வருகிறார்கள். கடவூர் ஜமீன்தார்களும் இந்த வம்சத்தாரே. இவர்களை வனவாசிகள் என்பது பொருந்தாது. ஆனால் காட்டு மேய்ச்சலை நம்பி வாழ்ந்த காலத்தின் சுவடுகள் இவர்களுடைய வழிபாட்டில் அழியாமல் இருக்கின்றன. 1909-இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி எழுதிய தர்ஸ்டனும் தொட்டியர் என்ற பெயரில் இவர்களை வர்ணித்திருக்கிறார்.

தெய்வத்துக்கென்று நேர்ந்துவிட்ட சலகெருதை ஏரில் பூட்டுவதில்லை, விற்பதுமில்லை. அது இறந்தால் மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். உழவு மாட்டுக்குப் பேர்போன மணப்பாறைச் சந்தையின் அருகிலேயே, விலை பேசக்கூடாத இந்த மாடுகளும் வளர்வது எனக்கு ரசமாகத் தோன்றுகிறது.

இவர்களுடைய மாலை தாண்டும் திருவிழாவில், பல மந்தைகளின் சலகெருதுகள் உறுமி முழங்க வெகுதூரத்திலுள்ள எல்லைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்து புழுதி பறக்கத் திரும்பி ஓடிவந்து, முடிவுக் கோட்டில் விரித்த வெள்ளைத் துணியைத் தாண்டுகின்றன. ஜல்லிக்கட்டைப்போல் மாட்டை அடக்க இங்கே எவரும் பாய்வதில்லை. உறுமியின் தாளத்துக்கே ஆடவர் தேவராட்டம் ஆட, முதலில் தாண்டிய எருதுக்குக் கிடைக்கும் பரிசு மஞ்சள்பொடியும் எலுமிச்சங்கனியுமே.