இன்ஸ்கேப்: ஒரு சொல்லின் கதை

ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸைப் பயில்வோர் முதலில் இடறி நிற்கும் சொல் 'இன்ஸ்கேப்' என்பதாகும். இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று மாணவர் வினவியபோதெல்லாம் 'அகநிலக்காட்சி' என்றே நாம் விடையிறுத்து வந்தோம். நிலத்தின் காட்சி 'லேண்ட்ஸ்கேப்' எனில் அகத்தின் காட்சி 'இன்ஸ்கேப்'. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. மனத்தின் ஆழத்தைச் சுட்டும் அழகிய சொல் என்றும் நம்பியிருந்தோம். ஹாப்கின்ஸின் நாட்குறிப்புகளை நிதானமாகப் படித்த பின்னரே, இத்தனை ஆண்டுகள் தவறாகச் சொல்லி வந்திருக்கிறோம் என்பது புலப்பட்டது. அத்தவறு நம்முடையது மட்டுமன்று. அச்சொல்லின் வாழ்விலேயே நேர்ந்த ஒன்று. ஆதலின் அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

'லேண்ட்ஸ்கேப்' என்பது டச்சு மொழியிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். டச்சு மொழியில் அதற்கு நிலப்பகுதி, வட்டாரம் என்பன பொருள். இயற்கை நிலத்தைத் தீட்டிய ஓவியத்திற்கும் அப்பெயர் வழங்கிற்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியரின் கலைச்சொல்லாகவே அது ஆங்கிலத்துள் நுழைந்தது. முதலில் படத்தைக் குறித்தது. பிறகே படம்போல் தோன்றும் நிலத்தைக் குறித்தது. அதன் ஈற்றிலுள்ள 'ஸ்கேப்', 'ஃபிரண்ட்ஷிப்' போன்ற சொற்களின் ஈற்றிலுள்ள 'ஷிப்' என்னும் விகுதியோடு உடன்பிறந்தது. ஒன்று அமைந்திருக்கும் நிலையைச் சுட்டுவது அது. ஆனால் ஆங்கிலேயர் காதில் 'ஸ்கேப்' என்றாலே காட்சி என்றாகிவிட்டது. கடற்காட்சிக்கு 'சீஸ்கேப்' என்ற சொல்லும் தோன்றியது. ஹாப்கின்ஸ் கையில் எடுத்தது இப்படித் தனியே பிரிந்து வந்த ஈற்றைத்தான்.

1844இல் பிறந்த ஹாப்கின்ஸ், ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் பயின்றவர். 1866இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவி, 1868இல் இயேசு சபையில் சேர்ந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில், பண்டைய கிரேக்க ஞானி பார்மெனிடீஸைப் பற்றி எழுதிய குறிப்புகளில்தான் 'இன்ஸ்கேப்' முதலில் தலைகாட்டுகிறது. அப்போது அவருக்கு வயது 23. அதே ஆண்டு மே மாதத்தில், துறவு வாழ்வுக்குப் பொருந்தாது என்று கருதித் தம் கவிதைகளை அவர் எரித்தார். அதன்பின் 1875இல் மூழ்கிய 'டாய்ச்லாந்து' என்னும் கப்பலைப் பாடும்வரை பெரும்பாலும் கவிதை எழுதவில்லை. அந்த ஏழாண்டு மௌனத்தில், கவிதைக்குப் போகவேண்டிய பார்வையெல்லாம் நாட்குறிப்பில் இறங்கியது. அங்கேதான் இச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது.

எங்கும் அவர் அதற்கு இலக்கணம் வகுக்கவில்லை. ஆயினும் பயன்பாட்டிலிருந்து பொருள் தெளிவாகிறது. ஒரு பூவை, ஓர் அலையை, ஒரு மேகத்தை அதுவாகவே ஆக்கும் உள்ளமைந்த வடிவம் எதுவோ அதுவே இன்ஸ்கேப். அவ்வடிவத்தைத் தாங்கி நிற்பதும், காண்பவன் உள்ளத்தில் வந்து தைப்பதுமான விசைக்கு 'இன்ஸ்ட்ரெஸ்' என்று மற்றொரு சொல்லைப் படைத்தார். சிறுநீர்க் கழிப்பிடத்துக் கற்பலகையில் உறைபனி படர்ந்த கோலத்தைக்கூட அவர் குறித்து வைத்திருக்கிறார். ஈர மணலை உற்று நோக்கியபடி குந்தியிருந்த அவரைப் பித்தர் என்றே எண்ணியதாக, ஸ்டோனிஹர்ஸ்டில் உடனிருந்த பணிச் சகோதரர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1872இல் ஒரு களஞ்சியத்தின் உட்புற மரச்சட்டங்களைக் கண்டபோது, இவ்வழகு எளிய மக்களின் கையெட்டும் தொலைவில் இருந்தும் அவர்கள் கண்ணுக்கு மறைந்து கிடக்கிறதே என்று வருந்தினார்.

இச்சொல்லை அவர் டன்ஸ் ஸ்கோட்டஸிடமிருந்து பெற்றார் என்று எழுதுவோர் உளர். 1308இல் மறைந்த அந்த இடைக்கால மெய்யியலாளர், ஒவ்வொரு பொருளுக்கும் 'இதுவே இது' என்னும் தனித்தன்மை உண்டு என்று வாதித்தவர். ஆனால் ஹாப்கின்ஸ் அவர் நூலை முதலில் கையில் எடுத்தது 1872 ஆகஸ்டில். அப்போது சொல் பிறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஸ்கோட்டஸ் தந்தது சொல்லையன்று, துணிவை. தாம் தனியே கண்டதற்கு ஒரு சான்றோர் அளித்த உறுதி அது.

இவ்வரலாற்றின் மையம் என நாம் கருதுவது 1873 ஏப்ரல் 8ஆம் நாள் குறிப்பாகும். ஸ்டோனிஹர்ஸ்டின் தோட்ட மூலையில் நின்ற ஆஷ் மரத்தை வெட்டினார்கள். ஓசை கேட்டு வெளியே நோக்கிய ஹாப்கின்ஸ், அது குறைபட்டு நிற்பதைக் கண்டார். உலகின் இன்ஸ்கேப்கள் இப்படி அழிவதை இனியும் காண்பதைவிட இறந்துபோகலாம் என்று தோன்றியதாக எழுதினார். இவ்விடத்தில் நம் 'அகநிலக்காட்சி' பொருந்துமா என்று பாருங்கள். கோடரி வீழ்த்தியது கவிஞர் மனத்தில் இருந்த காட்சியையன்று. மரத்தினுள் இருந்ததை, இனி ஒருபோதும் அப்படியே திரும்பி வராததை. மனக்காட்சியாக இருந்திருந்தால் மரம் போனபின்னும் அது எஞ்சியிருக்குமே!

1879இல் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில், இசையில் மெட்டும் ஓவியத்தில் கோலமும் எப்படியோ அப்படித் தாம் கவிதையில் முதன்மையாக நாடுவது இன்ஸ்கேப்பையே என்றார். தம் கவிதை விசித்திரமாகத் தோன்றுவதற்கும் அதுவே காரணம் என ஒப்புக்கொண்டார்.

1889இல் டப்ளினில் குடற்காய்ச்சலால் அவர் மறைந்தார். பிரிட்ஜஸ் பதிப்பித்த கவிதைத் தொகுதி 1918இல் வந்தது. அச்சிட்ட 750 படிகள் விற்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. கடிதங்கள் 1935இலும் குறிப்பேடுகள் 1937இலும் வெளிவந்தபோதுதான் 'இன்ஸ்கேப்' பரவலாக அறியப்பட்டது. அதற்குள் உளவியலின் காலம் தொடங்கிவிட்டது. ஓவியர் ரொபெர்த்தோ மாட்டா தம் ஆழ்மனச் சித்திரங்களுக்கு அச்சொல்லைச் சூட்டினார். இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்டு 1967இல் தம் படைப்பொன்றுக்கு அதையே பெயராக்கியபோது, ஹாப்கின்ஸை மறவாமல் குறிப்பிட்டார். ஆயினும் பொதுவழக்கில் சொல் மனிதனுக்குள் குடியேறிவிட்டது. பொருளுக்கு உரியதாயிருந்த உள், மனத்தின் உள்ளாக மாறியது.

அதே 1967இல் ஏ. கே. ராமானுஜன் தம் குறுந்தொகை மொழிபெயர்ப்புக்கு 'அக நிலக்காட்சி' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பிட்டதை நாம் அறிவோம். அங்கு அது மிகப் பொருத்தம். திணையில் நிலம், மாந்தர் உள்ளத்தைப் பேசுகிறது. ஹாப்கின்ஸிடம் நிலம் தன்னைத்தானே பேசுகிறது. நம் குழப்பத்திற்கு வேர் இதுவே போலும். 'உள்ளுறை' எனலாமா என்றால், அது தொல்காப்பியர் உவமத்துக்கு வகுத்த சொல். குறிப்புப் பொருளைச் சுட்டுவது. இனி வகுப்பில் 'உள்வடிவு' என்றே சொல்ல எண்ணியுள்ளோம். நிறைவான சொல் அன்று. எனினும் மரத்தினுள் இருப்பதை மரத்திடமே விட்டுவைக்கிறது.

அகம் என்பது நமக்கு மட்டுமே உண்டு என்று எண்ணும் வரையில் மரம் வெட்டுவது எளிது. வெட்டப்படுவதற்கும் ஓர் அகம் உண்டென்று சொல்லவே, 23 வயது இளைஞர் ஒருவருக்குப் புதுச்சொல் ஒன்று தேவைப்பட்டது.