ஒரே தோட்டம், இரண்டு நஷ்டஈடு



முற்றிய செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேல் எடை இருக்கும். அது மரத்திலிருந்து விழும்போது, கீழே நிற்பவர் உள்நாட்டுக்காரரா வெளிநாட்டுக்காரரா என்று பார்த்து விழுவதில்லை. ஆனால், நம் நாட்டில் கால் நூற்றாண்டுக் காலம், அடிபட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துத்தான் நஷ்டஈடு கொடுக்கப்பட்டது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நஷ்டஈடு என்ற உரிமையே எப்படிப் பிறந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனில், வேலையில் அடிபட்டவர் முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். உடன் வேலை செய்தவரின் தவறால் அடிபட்டிருந்தால், முதலாளிக்குப் பொறுப்பில்லை என்று கைவிரித்து விடுவார்கள். அன்றாடங்காய்ச்சி வழக்குப் போடக் காசுக்கு எங்கே போவார்? 1897-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. யார் குற்றம் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. வேலையின் காரணமாக, வேலையின்போது அடிபட்டாரா என்பதே முதல் கேள்வியானது. ஆனால், ரயில்வே, சுரங்கம், ஆலைத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்ட அந்தச் சட்டம் விவசாயத் தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டது. அவர் உள்ளே வர 1900 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். அதனால்தான் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1921-இல் விவசாயக் கூலிகளுக்கும் இந்த உரிமை உண்டு என்று தனி உடன்படிக்கையே போட்டது. 1925-இல் இன்னொரு உடன்படிக்கை வந்தது. விபத்து நஷ்டஈட்டில் உள்நாட்டுத் தொழிலாளி, வெளிநாட்டுத் தொழிலாளி என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம்.

அந்த 1925-இல் மலாயாத் தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளி யார்? நம் தாத்தாவும் பாட்டியும்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின், கங்காணிமார் வழியாகக் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போடும் வரை அந்த ஆள்சேர்ப்பு நடந்தது. ஆகவே, அந்த உடன்படிக்கை அவர்களைப் போன்றவர்களுக்காக எழுதப்பட்டது என்றால் மிகையாகாது.

போருக்குப் பிறகு, 1952-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. பி. பி. நாராயணன் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1957-இல் சுதந்திரம் பெற்ற கையோடு, அதே ஆண்டு நவம்பரில், மலாயா அந்த 1925-ஆம் ஆண்டு சமத்துவ உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை இருந்தது. நஷ்டஈடு கொடுப்பது தனித்தனி முதலாளியின் பொறுப்பு. பெரும்பாலும் ஒரே தொகையாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். கை போனவருக்குக் கிடைத்த பணம் கடனுக்கும் வைத்தியத்துக்கும் கரைந்துபோகும். போன கை திரும்புமா?

இதற்கு மாற்றாக வந்ததுதான் சொக்சோ. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971-இல் அது தொடங்கியது. அப்போது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் வெ. மாணிக்கவாசகம். வேலை விபத்துக்கான சந்தா முழுவதையும் முதலாளிகளே செலுத்த, அது பொது நிதியில் சேர்ந்தது. நிரந்தர ஊனம் இருபது விழுக்காட்டுக்கு மேல் என்றால் ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் வரும். விபத்தில் இறந்தவரின் மனைவி மக்களுக்கும் மாத உதவித் தொகை உண்டு. பால்மரத் தோட்டக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பிறகு தோட்டங்கள் மாறின. நம்மவர்கள் பட்டணம் நோக்கி நகர்ந்தார்கள். பலர் நகர்த்தப்பட்டார்கள். 1984-இல் இந்தோனேசியாவுடன் மேடான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்நியத் தொழிலாளர்கள் பெருமளவில் செம்பனைத் தோட்டங்களுக்கு வந்தார்கள். 1993-இல் அரசாங்கம் அவர்களைச் சொக்சோவிலிருந்து எடுத்து, பழைய 1952-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கே திருப்பி அனுப்பியது. நிரந்தரவாசிகள் மட்டும் சொக்சோவிலேயே இருந்தார்கள்.

விளைவு என்ன? ஒரே நிரையில் இருவர் குலை வெட்டுகிறார்கள். இருவரும் விபத்தில் இறக்கிறார்கள். உள்நாட்டுக்காரரின் மனைவிக்கு மாதாமாதம் பணம். வெளிநாட்டுக்காரரின் குடும்பத்திற்குச் சட்டப்படி அதிகபட்சம் 18,000 ரிங்கிட், அதற்கு மேல் கருணைத் தொகை 7,000. அதோடு சரி. மலேசியா தானே கையெழுத்திட்ட உடன்படிக்கையை மீறுகிறது என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சுட்டிக்காட்டியது. 2019 ஜனவரி முதல் நாள்தான் அந்நியத் தொழிலாளர்கள் மீண்டும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்திற்குள் வந்தார்கள். 1952-ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் நீக்கப்பட்டது.

பிரச்சினை தீர்ந்ததா என்றால், முழுமையாக இல்லை. குலை விழுந்தால் காயம் கண்ணுக்குத் தெரியும். மருந்தடிக்கும் பெண்ணின் உடம்பில் ஊறும் விஷம் தெரியாது. தெனகானித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பாராகுவாட் களைக்கொல்லி 2020-இல்தான் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தொழில் சார்ந்த நோய்க்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால், நோய் வேலையால்தான் வந்தது என்று காட்ட வேண்டும். மருத்துவச் சீட்டைக்கூட வைத்திருக்காதவர் எதைக் காட்டுவார்?

சொக்சோவில் இருப்பவர் வேலை விபத்துக்காகத் தன் முதலாளி மீது நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. சொக்சோ பணம் அந்த வழக்குக்கு மாற்றாக வந்தது. ஆகவே, விபத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் இரண்டும் இல்லை.

விபத்து தெரியவந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு நாட்களுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக ஊன உதவித் தொகை கோரலாம். கொந்தராக்காரரிடம் வேலை செய்பவர்கள் தங்கள் பெயரில் சந்தா போகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தத் துண்டு நிலத்தில் பாடுபடுபவர்களும் 2020 முதல் சுயதொழில் திட்டத்தில் சேரலாம்.

"மண்டோர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிட வேண்டாம். உங்கள் பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசியரோ வங்காளதேசியோ அடிபட்டால், அவரையும் கிளினிக்கிற்கு அழைத்துப் போய் விபத்தைப் பதிவு செய்ய உதவுங்கள். நம் பெரியவர்கள் ஒரு காலத்தில் நின்ற இடத்தில்தான் இன்று அவர் நிற்கிறார்.