அம்மா எங்கே போயிருந்தாள்?

ஒரு குழந்தை தண்ணீரில் மூழ்கி இறந்துவிட்டால் ஊர் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். குளத்துக்கு ஏன் வேலி இல்லை, கிணற்றுக்கு ஏன் கைப்பிடிச் சுவர் இல்லை, அந்தக் குழந்தைக்கு யாராவது நீச்சல் சொல்லிக்கொடுத்தார்களா என்பதெல்லாம் பிறகுதான். பல நேரம் யாரும் கேட்பதே இல்லை. இறந்தது ஆட்டிசம் உள்ள குழந்தை என்றால் கேள்வியின் குரல் இன்னும் கொஞ்சம் உயரும். 'இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணயரலாமா?'

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தண்ணீருக்குள் இறங்க யாருக்கு அனுமதி இருந்தது, கரையில் காவல் நிற்க யார் பணிக்கப்பட்டார்கள் என்ற வரலாறு அது.

1904 ஜூன் 15 அன்று நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிப் படகு தீப்பிடித்தது. தேவாலயச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய ஜெர்மானியக் குடியேறிகளின் குடும்பங்கள் அதில் இருந்தன. வேலைநாள் என்பதால் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்தான். 1,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர்காப்பு உடைகள் மக்கிப்போயிருந்தன, தீயணைப்புக் குழாய்கள் வெடித்தன. கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பெண்கள் மூழ்கினார்கள். கனத்த நீள உடை உடுத்தியிருந்த அவர்களில் பெரும்பாலோருக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் பெண்ணுக்கு ஆகாத காரியம் என்று அன்றைய சமூகம் நினைத்தது.

நமக்கும் இது புதிதில்லை. நம் கிராமங்களில் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடப்படுவார்கள். கூடவே இறங்கிய பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் கரையேற்றப்படுவாள். அதன் பிறகு அவளுக்கும் தண்ணீருக்கும் இடையே குடம் மட்டும்தான்.

1917இல் சார்லட் எப்ஸ்டீன் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் நியூயார்க்கில் மகளிர் நீச்சல் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே பயின்ற கெர்ட்ரூட் எடர்லி 1926 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண் ஆனார். அதுவரை கடந்திருந்த எந்த ஆணையும்விட வேகமாகக் கடந்தார். சிறுவயதில் வந்த தட்டம்மையால் அவருக்குக் காது மந்தம். பிற்காலத்தில் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தார். புகழ் ஓய்ந்த பிறகு காது கேளாத குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். சாதனையைக் கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டாம் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

இதே நூற்றாண்டில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1925இல் மாஸ்கோவில் மனநல மருத்துவர் குருன்யா சுகரேவா, இன்று நாம் ஆட்டிசம் என்று அறிவதை ஆறு சிறுவர்களிடம் கண்டு விவரித்து எழுதினார். ஒரு பெண் எழுதிய அந்த ஆய்வை மேற்குலகம் பல பத்தாண்டுகள் பொருட்படுத்தவில்லை. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் மருத்துவ உலகின் பேச்சாயிற்று. அவர் குழந்தைகளோடு பெற்றோரையும் எடைபோட்டார். 1949இல், இந்தக் குழந்தைகள் உறைநிலை நீங்காத குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்களைப் போல இருந்தார்கள் என்று எழுதினார். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற வசை இப்படித்தான் பிறந்தது. 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய 'வெற்றுக் கோட்டை' அதைக் கோட்பாடாகவே ஆக்கியது. நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்டவர் அவர். அந்த முகாம்களின் கைதிகளோடு ஆட்டிசக் குழந்தைகளை ஒப்பிட்டார். அப்படியானால் காவலாளி யார் என்பதை வாசகரே புரிந்துகொள்ளலாம்.

இதன் விலை என்னவென்று யோசித்துப் பாருங்கள். குழந்தை கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறது. அதை மருத்துவரிடம் சொன்னால், உன்னிடமிருந்துதான் ஓடுகிறது என்பார். அண்டை வீட்டாரிடம் சொன்னால், கவனிப்பு போதவில்லை என்பார்கள். ஆகவே தாய் வெளியே சொல்வதை நிறுத்திவிட்டுக் கதவில் இன்னொரு தாழ்ப்பாள் போடுகிறாள். வெளியே சொல்லப்படாத ஆபத்து எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மறுப்பும் தாய்மார்களிடமிருந்துதான் வந்தது. ஆட்டிசம் உள்ள மகளை வளர்த்த மனநல மருத்துவர் லோர்னா விங், மற்ற பெற்றோர்களோடு சேர்ந்து 1962இல் லண்டனில் ஆட்டிசக் குழந்தைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். ஆட்டிசத்தைப் பல சாயல்கள் கொண்ட ஒரு நிறமாலையாகப் பார்க்க உலகத்துக்குக் கற்றுத்தந்தவர் அவர். அமெரிக்காவில் செவிலியரான ரூத் சல்லிவன், உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லேண்டுடன் சேர்ந்து 1965இல் தேசியச் சங்கத்தை உருவாக்கினார். 1969இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். செய்யாத குற்றத்திலிருந்து விடுதலை பெறவே அவர்களுக்கு 20 ஆண்டு ஆகியிருந்தது.

குழந்தைகள் ஓடிப்போவதை முறையாக எண்ணிப் பார்க்க இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2012இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு 1,218 ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களிடம் கேட்டது. 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது சொல்லாமல் வெளியேற முயன்ற குழந்தைகள் 49 விழுக்காடு. பயப்படும் அளவு நேரம் காணாமல் போனவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் நீரில் மூழ்கும் ஆபத்தில் சிக்கினார்கள். 2017இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் குவான், குவோஹுவா லீ ஆகியோரின் ஆய்வுகள் ஆட்டிசக் குழந்தைகளின் மரணங்களில் நீரில் மூழ்குவது எவ்வளவு பெரிய இடம் வகிக்கிறது என்று காட்டின. இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த குளத்திலோ ஆற்றிலோதான் இறந்திருந்தார்கள்.

2012 ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு. குழந்தைகள் ஏன் வெளியேறுகிறார்கள் என்று கேட்டபோது, சுற்றித் திரிவதில் உள்ள மகிழ்ச்சியும் பிடித்த இடத்தைத் தேடிப் போவதும் முன்னணிக் காரணங்களாக வந்தன. பதற்றம் தரும் சூழலிலிருந்து தப்புவதும் அவற்றில் ஒன்று. குளிர்ந்த தாயிடமிருந்து ஓடியதாக அரை நூற்றாண்டு சொல்லப்பட்ட குழந்தை உண்மையில் எதையோ நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பலருக்கு அந்த 'எதையோ' தண்ணீர். அதன் மினுமினுப்பு, உடல் முழுவதையும் சீராக அழுத்தும் அதன் கனம், அடியில் போனதும் அடங்கிவிடும் இரைச்சல்.

அதே ஆய்வில், இந்தப் பயத்தால் வெளி நிகழ்ச்சிகளுக்குப் போக முடியவில்லை அல்லது போனாலும் மகிழ முடியவில்லை என்றவர்கள் 62 விழுக்காடு. நிம்மதியாகத் தூங்க முடியவில்லை என்றவர்கள் 43 விழுக்காடு. புள்ளிவிவரம் இவர்களைப் 'பெற்றோர்' என்கிறது. இரவில் கதவுச் சத்தத்துக்கு எழுந்துகொள்வது யார் என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.

அரசுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் நீரில் மூழ்கி இறந்த இரண்டு ஆட்டிசச் சிறுவர்களின் பெயரில் 2018இல் ஒரு சட்டம் வந்தது. காவலர் பயிற்சிக்கும், விரும்பும் குடும்பங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவிகள் தரவும் அது நிதி ஒதுக்கியது. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் உரிமை அமைப்புகள் இந்த முயற்சியை எதிர்த்தன. உடலில் கருவி மாட்டிக் கண்காணிப்பது எங்கே போய் நிற்கும் என்று கேட்டன. தாய்மாரின் பயமும் உண்மை, இந்தக் கேள்வியும் உண்மை. தாழ்ப்பாளும் கருவியும் ஒரு நெருக்கடியைத் தள்ளிப்போடும். தண்ணீருக்குள் விழுந்துவிட்ட குழந்தைக்கு அவை மூச்சுவிடக் கற்றுத்தராது.

அதைக் கற்றுத்தர ஒரு வழி 1949இலேயே தொடங்கிவிட்டது. வட லண்டனின் சவுத்கேட்டில், உடல் ஊனமுற்ற சிறுமிகளுக்கான ஹாலிவிக் பள்ளியில் ஜேம்ஸ் மக்மில்லன் என்ற பொறியாளர் நீச்சல் சொல்லித்தர ஆரம்பித்தார். மிதவைகள் கிடையாது. ஒவ்வொரு சிறுமிக்கும் தண்ணீருக்குள் ஒரு துணை. வந்தவள் நோயாளி என்று அழைக்கப்படவில்லை, நீச்சல்காரி என்றே அழைக்கப்பட்டாள். கை கால் அடிப்பது கடைசிப் பாடம். முதல் பாடம் தண்ணீரோடு மனம் பழகுவது, முகம் நீரில் படும்போது மூச்சை ஊதி வெளிவிடுவது. அடுத்து, குப்புற விழுந்தாலும் உடலைத் திருப்பி மல்லாந்து மிதப்பது. பாட்டும் விளையாட்டுமாக நடந்த அந்தப் பத்துப் படி முறை பின்னாளில் பல நாடுகளுக்குப் பரவி ஆட்டிசக் குழந்தைகளுக்கும் பயன்பட்டது. எதற்கும் உதவமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட சிறுமிகளின் உடல்களிலிருந்து பிறந்த அறிவு அது.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விளையாட்டில் பங்கேற்கும் உரிமைக்கென்று அதில் தனிப் பிரிவும் உண்டு. 2022 மார்ச்சில், ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாக் நீரிணையைச் சுமார் 13 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 2024இல் எடர்லியின் அதே கால்வாயையும் கடந்தார். அந்தப் பெண்ணைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் கடலைத் தாண்டினால்தான் குளத்தில் இறங்கலாம் என்று எந்தக் குழந்தைக்கும் நிபந்தனை இருக்கக்கூடாது.

தேவைப்படுவது சின்ன விஷயங்கள். நகராட்சி நீச்சல் குளத்தில் வாரம் ஒரு மணி நேரம் விசிலும் ஒலிபெருக்கியும் இல்லாத வேளை. சொல்லைவிடப் படத்தால் நன்றாகப் புரிந்துகொள்ளும் குழந்தைக்குப் படம் காட்டிச் சொல்லித்தரும் பயிற்சியாளர். முழு உடையோடு விழுந்தால் எப்படி மிதப்பது என்ற பாடம். பெண் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு பாதுகாப்பான அறை, மகளோடு நீரில் இறங்கத் தாய்க்கு அனுமதி. குழந்தையைக் காணோம் என்றால் முதலில் அருகிலுள்ள நீர்நிலைக்கு ஓட வேண்டும் என்று தெரிந்த தெரு.

அப்போது கரையில் ஒருத்தி மட்டும் தனியாக நிற்க வேண்டியிருக்காது. அம்மா எங்கே போயிருந்தாள் என்று யாராவது கேட்டாலும் பதில் எளிதாக இருக்கும். தூங்கப் போயிருந்தாள்.